பொல்லாத முனை: ரெயூனியோன் கரையின் கதை

ரெயூனியோன் தீவின் தெற்கே, சேன் பிலிப் என்ற ஊருக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்துச் செங்குத்தாக நிற்கும் ஒரு கரும்பாறை முனை இருக்கிறது. அதற்குப் பெயர் 'காப் மெஷான்'. பிரெஞ்சு படித்தவர்களுக்கு உடனே விளங்கிவிடும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: 'பொல்லாத முனை' என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூட்டம் அலைமோதும். சவுக்கு மரத்தடியிலும் தாழைப் புதர் நிழலிலும் குடும்பம் குடும்பமாகச் சமைத்துச் சாப்பிடுவார்கள். உள்ளூர்க்காரர்கள் மரத்தடியோடு நின்றுகொள்வார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள்தான் பாறை விளிம்புவரை போய், கீழே மோதி மேலே தெறிக்கிற நுரையைப் படம் பிடிப்பார்கள். அந்த முனைக்குப் பெயர் வைத்த காலத்தில் சுற்றுலா என்ற சொல்லே கிடையாது. கடலோடு பட்டவர்கள் வைத்த பெயர் அது.

நம் புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தத் தீவில் உறவு உண்டு. சிலருக்கு ஐந்து தலைமுறைக்கு முந்தைய உறவு. சிலருக்குப் பிள்ளையோ மருமகனோ அங்கே வேலையில் இருக்கிற உறவு. போய் வருகிறவர்கள் கோயில்களைப் பற்றியும் தீமிதியைப் பற்றியும் சொல்வார்கள். அந்தக் கரையும் மலையும் எப்படிப்பட்டவை, அங்கே வைத்திருக்கும் தடைப் பலகைகளுக்குப் பின்னால் என்னென்ன நடந்திருக்கிறது என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

துறைமுகம் இல்லாத தீவு

ரெயூனியோன் புதுச்சேரியிலிருந்து ஏறக்குறைய 4,500 கிலோமீட்டர் தொலைவில், மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கிறது. பரப்பளவு 2,512 சதுர கிலோமீட்டர். கடலடியிலிருந்து எரிமலை கக்கிக் கக்கி எழுந்த தீவு. அதன் உச்சியான பித்தோன் தெ நேழ் 3,070 மீட்டர் உயரம். நாம் பார்ப்பது மலையின் மேல்பாதிதான். சுமார் 4,000 மீட்டர் தண்ணீருக்குள் இருக்கிறது. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே கடல் படுஆழம். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

பிரெஞ்சுக்காரர்கள் 1649-இல் அதற்கு பூர்போன் என்று பெயர் வைத்தார்கள். நம் பெரியவர்கள் 'பூர்போன் தீவு' என்றுதான் சொல்வார்கள். புரட்சிக் காலத்தில், 1793-இல், ரெயூனியோன் ஆனது. பிறகு நெப்போலியன் பேரில் பொனபார்த் தீவு, மறுபடி பூர்போன், கடைசியில் 1848-இல் மீண்டும் ரெயூனியோன். பெயர் இத்தனை முறை மாறியதே தவிர, கப்பல் நிறுத்த ஒரு நல்ல துறைமுகம் மட்டும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசிவரை அமையவில்லை.

தலைநகரான சேன் தெனியில் கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நின்றன. சரக்கும் ஆளும் படகில் கரைக்கு வரவேண்டும். கரையோ மணல் இல்லை, உருண்டைக் கற்கள். ஒவ்வோர் அலையும் திரும்பும்போது அந்தக் கற்களை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் வெகுதூரம் கேட்கும். படகு கரை தட்ட வழியில்லாததால், கடலுக்குள் நீட்டிக் கட்டிய மேடையிலிருந்து தொங்கும் கயிற்றேணியைப் பிடித்து ஏறுவார்கள். அலை தூக்கும் நேரம் பார்த்து ஏணியைப் பற்றவேண்டும். அடுத்த அலை வருவதற்குள் மேலே போய்விடவேண்டும். கவிஞர் போத்லேர் 1841-இல் அங்கே இறங்கியபோது, புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாவகாசமாக ஏணி ஏறினார், அலை வந்து அடித்துவிட்டது என்று ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு உண்மையோ, அந்தத் தீவுக்கு வரும் விருந்தாளிகளின் குணத்தை அது சரியாகச் சொல்கிறது.

நம் ஊரும் அந்நாளில் அப்படித்தான் இருந்தது. புதுச்சேரியிலும் கப்பல்கள் வெளியே நின்றன. சலங்குப் படகுகள்தான் ஆளையும் மூட்டையையும் அலை தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தன. 1952 புயலில் இடிந்த பழைய இரும்புப் பாலத்தின் மிச்சத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். ஆனால் நம் கரை மணல் கரை. படகு கவிழ்ந்தால் மணலில் புரண்டு எழலாம். அங்கே கவிழ்ந்தால் பாறை.

1810 ஜூலையில் ஆங்கிலேயர்கள் அந்தத் தீவைப் பிடிக்க வந்தபோது இது நன்றாகவே தெரிந்தது. அந்தப் படையில் சென்னைச் சிப்பாய்களும் இருந்தார்கள். சேன் தெனிக்குக் கிழக்கே இறங்கப் பார்த்த பிரிவின் படகுகள் அலையில் நொறுங்கின. சிலர் எதிரியின் குண்டு படுவதற்கு முன்பே மூழ்கிப் போனார்கள். மேற்கே கிராந்த் ஷலூப் என்ற மலைப்பிளவின் வாயில் இறங்கிய பிரிவுதான் மலைமேல் பழைய கல்பாவிய பாதை வழியாகத் தலைநகரை நோக்கிப் போனது. அந்தப் பாதையை இன்றும் 'ஆங்கிலேயர் பாதை' என்கிறார்கள். இப்போது அது நடைப்பயணிகள் விரும்பிப் போகும் வழி.

அதே கிராந்த் ஷலூப்பில்தான் பிற்பாடு நம்மவர்கள் அடைத்து வைக்கப்பட்டார்கள். அடிமை முறை 1848 டிசம்பர் 20-இல் ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரி, காரைக்கால், ஏனாம் துறைகளிலிருந்தும், 1860-க்குப் பிறகு ஆங்கிலேயரோடு செய்த ஒப்பந்தப்படி சென்னையிலிருந்தும் கப்பல் கப்பலாக ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி அனுப்பினார்கள். மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேல். தொற்றுநோய் பயத்தால் இறங்கியவர்களை முதலில் அந்த மலைப்பிளவில் இருந்த தனிமைக் கொட்டடியில் வைப்பார்கள். முன்னால் கடல், இரண்டு பக்கமும் செங்குத்து மலை. அந்தக் கட்டடங்கள் இப்போதும் இருக்கின்றன.

புயல் வருகிற அறிகுறி தெரிந்தால் சேன் தெனியில் பீரங்கி வெடிப்பார்கள். எதற்குத் தெரியுமா? கப்பல்கள் எல்லாம் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு, முடியாவிட்டால் சங்கிலியை விட்டுவிட்டு, நடுக்கடலுக்கு ஓடவேண்டும் என்பதற்காக. கரைக்குப் பக்கத்தில் நிற்பதைவிடப் புயலில் நடுக்கடலே மேல். கரையைக் கண்டு கப்பல் பயந்து ஓடிய தீவு அது. கிழக்குக் கரையில் சேன்த் சுய்சான் அருகே 1846-இல் பெல் ஏர் கலங்கரை விளக்கம் வந்தது. மேற்கே கல்லைக் குடைந்து ஒரு துறைமுகம் 1886-இல்தான் திறந்தார்கள்.

அதற்குப் பிறகும் கரை தன் வேலையைக் காட்டியது. 1897 ஜனவரி 14 அன்று விடியுமுன், 'வாரன் ஹேஸ்டிங்ஸ்' என்ற ஆங்கிலேயப் படைக்கப்பல் சேன் பிலிப் அருகே பாறையில் ஏறிவிட்டது. தென்னாப்பிரிக்காவிலிருந்து மொரீசியசுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல். அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையாட்களும் அவர்கள் குடும்பத்தாரும் இருந்தார்கள். இருட்டில், மழையில், பதறாமல் வரிசையாக நின்று இறங்கியதால் இரண்டு பேரைத் தவிர எல்லாரும் பிழைத்தார்கள். கப்பல் போயிற்று.

அமைதியான நாளில் வரும் அலை

இவ்வளவையும் சொல்வது எதற்கென்றால், அந்தத் தீவு மக்கள் நெடுங்காலம் கடலுக்கு முதுகு காட்டியே வாழ்ந்தார்கள். கடற்கரை என்பது அவர்களுக்கு விளையாடும் இடமாக இல்லை. காற்று வாங்க நினைத்த பணக்காரர்கள் மலைமேல் சலாசிக்கும் சிலாவோசுக்கும் போனார்கள்; அங்கே வெந்நீர் ஊற்றுகள் இருந்தன. சிலாவோசுக்கு 1932-இல் சாலை வரும்வரை அவர்களை நாற்காலியில் வைத்துக் கூலியாட்கள் தூக்கிப் போனார்கள். கடலில் இறங்கிக் குளிப்பது பெருவாரியான பழக்கமானது 1946-இல் தீவு பிரான்சின் ஒரு மாவட்டமாகி, விமானப் போக்குவரத்து பெருகிய பிறகுதான்.

வருகிறவர்கள் வெயிலையும் நீலக் கடலையும் பார்க்கிறார்கள். காற்றே இல்லை. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. இப்படிப்பட்ட நாளில் அலை எங்கிருந்து வரும் என்று நினைக்கிறார்கள். அலை வரும். தெற்கே, நாற்பது டிகிரி அட்சரேகைக்கு அப்பால், காற்றைத் தடுக்க நிலமே இல்லாத பெருங்கடல் இருக்கிறது. பிரெஞ்சு மாலுமிகள் அந்தப் பகுதியைக் 'கர்ஜிக்கும் நாற்பதுகள்' என்பார்கள். மே முதல் செப்டம்பர் வரை அங்கே அடிக்கிற சூறைக்காற்று எழுப்பும் அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, இரண்டு மூன்று நாள் கழித்து ரெயூனியோனின் தெற்குக் கரைக்கு வந்து சேரும். அதைப் பெற்ற காற்று எப்போதோ அடங்கியிருக்கும். 2007 மே மாதத்தில் வந்த பேரலைகள் தெற்கு, மேற்குக் கரைகளில் படகுத்துறைகளையும் கட்டடங்களையும் அடித்து நொறுக்கின. அன்று தீவில் புயல் ஒன்றும் இல்லை.

நம் கரையில் பெரிய அலை தூரத்திலேயே தரை தட்டி உடைந்து, களைத்துப் போய்த்தான் நம் காலுக்கு வரும். அங்கே ஆழம் கரைவரை இருப்பதால் அலை தன் முழுப் பலத்தோடு பாறையில் வந்து மோதும். இன்னொன்று, அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. பத்து நிமிஷம் சின்னச் சின்னதாக வந்து, திடீரென்று மூன்று நான்கு பெரிய அலைகள் கூட்டமாக வரும். பாறைமேல் உலர்ந்த இடத்தில்தானே நிற்கிறோம் என்று ஏமாந்துபோவது இதனால்தான். ஒரு பாறை காய்ந்திருக்கிறது என்றால் கடந்த சில நிமிஷங்களில் அங்கே அலை ஏறவில்லை என்றுதான் அர்த்தம். ஏறாது என்று அர்த்தமில்லை. பாறை கறுப்பாகப் பளபளத்தாலோ பாசி படிந்திருந்தாலோ அலை அங்கே வந்து போகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

எத்தான் சலே என்ற ஊரில் 'லெ கூஃப்ர்', அதாவது 'பாதாளம்' என்றொரு இடம். எரிமலைப் பாறையில் ஒரு குறுகிய பிளவு. அலை உள்ளே புகுந்து அடைபட்டுச் சீறி மேலே எழும். பார்க்க அற்புதம்தான். அந்த விளிம்பிலிருந்து கடல் ஆட்களை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. விழுந்தவர் நீந்தத் தெரிந்தவராக இருந்தும் பயனில்லை. பிளவின் சுவரைப் பிடித்து ஏற முடியாது, ஒவ்வோர் அலையும் பாறையில் கொண்டுபோய் அடிக்கும். காப்பாற்றக் குதிப்பவருக்கும் அதே கதிதான்.

மேற்குக் கரையில் ஏறக்குறைய 25 கிலோமீட்டருக்குப் பவளப்பாறை ஒரு வேலி போல நிற்கிறது. அதற்கு உட்பட்ட தண்ணீர் குளம்போல் இருக்கும். குழந்தைகளும் வயதானவர்களும் குளிப்பது அங்கேதான். அங்கேயும் ஒரு சூட்சுமம் உண்டு. வேலியைத் தாண்டி உள்ளே விழும் தண்ணீர் எங்கேயாவது வெளியே போகவேண்டும் அல்லவா? வேலியில் சில இடங்களில் இடைவெளி இருக்கும். அதை 'பாஸ்' என்கிறார்கள். உள்ளே வந்த அத்தனை தண்ணீரும் அந்த வாசல் வழியாக ஆறுபோல் வெளியேறும். லெர்மித்தாழ் கடற்கரையில் உள்ள வாசல் இதற்குப் பேர்போனது. அலையே இல்லாத அமைதியான இடமாகத் தெரிவதால் புதியவர்கள் அதைத்தான் தேடிப் போவார்கள். இழுப்பில் மாட்டினால் எதிர்த்து நீந்தக்கூடாது. மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்கவேண்டும், இழுப்பு தளர்ந்ததும் பக்கவாட்டில் விலகவேண்டும். நம் கடலிலும் இழுப்புக்கு இதுவே வழி.

சுறாவும் ஓர் உத்தரவும்

2011-இலிருந்து அந்தத் தீவின் பெயர் உலகப் பத்திரிகைகளில் அடிபட்டது சுறாவினால். 2011 முதல் 2019 வரை சுறா தாக்கி 11 பேர் இறந்தார்கள். அலைச்சறுக்குப் பலகையில் போனவர்கள்தான் அதிகம். 2013 ஜூலையில், சேன் பொல் விரிகுடாவில், கரையிலிருந்து சில மீட்டர் தூரத்தில் குளித்துக்கொண்டிருந்த 15 வயதுப் பெண் பலியானாள். அந்த மாதமே பிரேஃபே ஓர் உத்தரவு போட்டார்: பவளவேலிக்கு உட்பட்ட தண்ணீரிலும், காவல் உள்ள குறிப்பிட்ட இடங்களிலும் தவிர, தீவைச் சுற்றி எங்கும் குளிக்கக் கூடாது, அலைச்சறுக்கு கூடாது. அன்றிலிருந்து அந்தத் தடை புதுப்பிக்கப்பட்டு வருகிறது. இடையில் சில கடற்கரைகளில் வலை கட்டிப் பார்த்தார்கள். பேரலை வலையைக் கிழித்துவிடும். முக்குளிப்பவர்கள் போய்த் தைக்கவேண்டும். வலைக்குள்ளேயே ஒரு தாக்குதல் நடந்ததும் உண்டு.

எதனால் இப்படி ஆயிற்று என்று தீவில் பெரிய வாதம். 2007-இல் ஏற்படுத்திய கடல் காப்பகம் காரணம் என்பார் ஒரு பக்கம். சுறா பிடிப்பது குறைந்ததும், மலையிலிருந்து வரும் கலங்கல் தண்ணீரும் காரணம் என்பார் இன்னொரு பக்கம். அது தீராத வழக்கு. மீனவர்களுக்கு முன்பே தெரிந்த விஷயங்கள் மட்டும் யாரும் மறுக்காதவை: மழை பெய்து ஆறு கலங்கி வந்து சேரும் இடம், விடிகாலை, அந்திநேரம். இந்த மூன்றிலும் தண்ணீரில் இருக்கக் கூடாது. அந்த வகைச் சுறா கலங்கலில்தான் இரை தேடும்.

அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஓர் 'அரேத்தே'யைப் படிக்கும்போது எல்லாரும் கடைசியில் உள்ள தடையை மட்டும் பார்ப்பார்கள். அதன் மேலே 'வ்யு... வ்யு...' என்று வரிசையாக வரும், 'இதைக் கண்டு, அதைக் கண்டு' என்று. அந்தப் பகுதியை யாரும் படிப்பதில்லை. உத்தரவு ஏன் பிறந்தது என்பது அங்கேதான் இருக்கும். சட்ட எண்ணும் தேதியுமாக வறட்டுத்தனமாகத் தெரிந்தாலும், அந்த 'கண்டு'களில் பல, யாரோ ஒருவரைக் கரையில் கிடத்திப் பார்த்த பிறகு எழுதியவை.

கனலும் கடலும்

தீவின் தென்கிழக்கில் பித்தோன் த லா ஃபூர்னேஸ் என்ற எரிமலை இருக்கிறது. உயரம் 2,632 மீட்டர். உலகத்தில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. ஆண்டுக்கு ஒரு முறையாவது என்றே வைத்துக்கொள்ளலாம். வெடிப்பு பெரும்பாலும் குதிரை லாட வடிவில் உள்ள ஒரு பெரிய பள்ளத்துக்குள்ளேயே அடங்கும். அந்தப் பள்ளத்துக்குள் யாரும் குடியிருப்பதில்லை. நெருப்புக்கென்று விட்டுவைத்த இடம் அது.

1977 ஏப்ரலில் நெருப்புக் குழம்பு அந்த எல்லைக்கு வெளியே கிளம்பி பித்தோன் சேன்த் ரோஸ் கிராமத்தில் இறங்கியது. வீடுகள் எரிந்தன. மக்களை முன்கூட்டியே வெளியேற்றியதால் உயிர்ச்சேதம் இல்லை. குழம்பு மாதா கோயில் வாசலில் வந்து நின்று, இரண்டாகப் பிரிந்து, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போயிற்று. இன்று 'நோத்ர் தாம் தெ லாவ்' என்று அதைப் பார்க்கப் போகாதவர் இல்லை. இந்த நிகழ்ச்சிக்குப் பிறகே, 1979-இல், எரிமலையை இரவும் பகலும் கவனிக்க ஆய்வுநிலையம் அமைத்தார்கள்.

2007 ஏப்ரலில் நூறாண்டில் காணாத வெடிப்பு. உச்சியில் இருந்த தொலொமியே பள்ளம் 300 மீட்டருக்கு மேல் உள்வாங்கியது. குழம்பு நெடுஞ்சாலையைத் தாண்டிக் கடலில் விழுந்து புதிய நிலத்தையே உண்டாக்கியது. பார்க்க ஜனங்கள் திரண்டார்கள். கனலும் கடலும் சேரும் இடத்தில் எழுகிற வெள்ளைப் புகை வெறும் ஆவி இல்லை. உப்புத்தண்ணீர் கொதிக்கும்போது பிறக்கும் அமிலம் அதில் இருக்கிறது. கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும். புதிதாகப் பிறந்த நிலமும் நம்பத்தக்கது அல்ல. மேலே இறுகி, அடியில் அலை அரித்துப் பொந்தாக இருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் கடலுக்குள் சரியும்.

வெடிப்பு தொடங்கியதும் பள்ளத்துக்குள் இறங்கும் பாதையின் கதவைப் பூட்டிவிடுவார்கள். அடங்கியபின் திறந்தாலும், பாறைமேல் வெள்ளைச் சாயத்தால் இட்ட புள்ளிகளைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கவேண்டும். பத்து மணிக்கு மேல் மூடுபனி ஏறினால் அடுத்த புள்ளி தெரியாது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே கரும்பாறை. 2021 ஏப்ரலில், வெடிப்பு நடந்துகொண்டிருந்தபோது, தடையை மீறி உள்ளே போன இரண்டு இளம் மாணவர்கள் பிணமாகத்தான் கிடைத்தார்கள்.

ஓடி ஒளிந்தவர்களின் மலை

நடைப்பயணிகளை இன்று அந்தத் தீவுக்கு இழுப்பது மஃபாத், சிலாவோஸ், சலாசி என்ற மூன்று பெரும் மலைக்கிண்ணங்கள். 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. அங்கே முதலில் நடந்தவர்கள் உல்லாசத்துக்கு நடக்கவில்லை. தோட்டங்களிலிருந்து தப்பியோடிய அடிமைகள், பின்தொடர்ந்து வரும் வேட்டைக்காரர்களுக்குப் பயந்து, யாரும் ஏற முடியாத இடமாகப் பார்த்து ஏறினார்கள். மஃபாத் என்பதே அப்படி ஓடிப்போன ஒரு தலைவனின் பெயர். சிலாவோஸ் என்றால் மடகாஸ்கர் மொழியில் 'விட்டுப் போகாத இடம்' என்று பொருள் சொல்கிறார்கள். துரத்தி வருகிறவன் தடுக்கி விழவேண்டும் என்றே தேர்ந்தெடுத்த மலை அது. சுற்றுலாப் பயணிக்கு மட்டும் இடம் கொடுத்துவிடுமா? மஃபாத்துக்கு இன்றுவரை சாலை கிடையாது. நடந்து போகவேண்டும், இல்லையென்றால் ஹெலிகாப்டர்.

மலை இளசு, பாறை உதிரி. 1875 நவம்பரில் சலாசியில் கிரான் சாப்ல் என்ற குடியிருப்பின்மேல் மலைச்சரிவு விழுந்து அறுபதுக்கும் மேற்பட்டோர் புதைந்தார்கள். சேன் தெனியிலிருந்து மேற்கே போகும் கடலோரச் சாலை 1963-இல் திறந்தது. ஒரு பக்கம் அலை, மறு பக்கம் கல் உதிரும் குன்று. 2006 மார்ச்சில் குன்று சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் சாலையையே கடலுக்குள் தள்ளிப்போட முடிவு செய்து, ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நீளமான பாலம் கட்டி 2022-இல் திறந்தார்கள்.

மழை தனிக்கதை. 1966 ஜனவரியில் ஃபோக் ஃபோக் என்ற மலையிடத்தில் ஒரே நாளில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது. அது இன்றும் உலக சாதனை. நமக்கு ஓர் ஆண்டு முழுவதும் பெய்தாலும் அவ்வளவு தேறாது. 1980 ஜனவரியில் இயசேந்த் புயலின்போது கொமேர்சோன் என்ற இடத்தில் 15 நாளில் 6,083 மில்லிமீட்டர். 2007 பிப்ரவரியில் கமேத் புயல் மழையில் சேன் எத்தியேன் ஆற்றுப் பாலமே இடிந்து போயிற்று. 1948 ஜனவரிப் புயலில் இறந்தவர்கள் 165 பேர் என்று கணக்கு.

நடைப்பயணிக்கு ஆபத்து பெரும்புயலில் மட்டும் இல்லை. அன்று எல்லாரும் வீட்டுக்குள் இருப்பார்கள். கரையில் வெயில் காயும்போது மலையில் பெய்கிற சாதாரண மழைதான் ஆளைக் கொல்லும். லான்ழ்வேன் போன்ற ஆறுகளில் முழங்கால் தண்ணீரில் சோற்றுமூட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். தண்ணீர் கலங்குகிறதா, இலையும் சுள்ளியும் மிதந்து வருகிறதா என்று உள்ளூர்க் கிழவிகள் ஒரு கண் வைத்துக்கொண்டே இருப்பார்கள். கலங்கினால் பாத்திரத்தைக்கூடப் பார்க்காமல் மேடேறுவார்கள். சாலை ஆற்றைக் கடக்கும் தாழ்ந்த தரைப்பாலத்தை அங்கே 'ராதியே' என்பார்கள். அதன்மேல் ஓடும் தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் இருக்கிறது என்று காரை இறக்குகிறவர்களைக் கார் உட்பட அடித்துப் போகும்.

போகிறவர்களுக்கு

கடலோர ஊரில் பிறந்தவர்கள் நாம். கடலைப் பார்த்தால் நமக்குப் பயம் வராது. அந்தத் தைரியம் நம் மணல் கரைக்குத்தான் பொருந்தும். அங்கே நான்கு தலைமுறையாக வாழ்கிற, நம் வழிவந்த மல்பார் குடும்பங்களே ஒரு புது இடத்துக்குப் போனால் அங்குள்ளவர்களை விசாரிக்காமல் தண்ணீரில் கால் வைப்பதில்லை.

பேரப்பிள்ளைகளோடு போகிறவர்கள் சிலவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பவளவேலிக்குள், காவலர் இருக்கும் இடத்தில் மட்டும் குளியுங்கள். கொடி சிவப்பென்றால் வெயில் எவ்வளவு அழகாக அடித்தாலும் இறங்காதீர்கள். தெற்கே கிராந்த் ஆன்ஸ் கடற்கரையைப் படத்தில் பார்த்து மயங்காதவர் இல்லை. அங்கே கல் அடுக்கித் தடுத்த சின்னக் குளம் ஒன்று இருக்கிறது, குளியல் அதற்குள்ளேதான். பாறைக் கரையில் கடலுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கக் கூடாது. பக்கத்தில் போவதற்கு முன் கால் மணி நேரமாவது தள்ளி நின்று அலையைக் கவனியுங்கள். மலைக்குப் போனால் விடியுமுன் கிளம்பி, மூடுபனிக்கு முன் திரும்பும் வழியில் இருங்கள். எந்தப் பாதையில் போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். தனியாகப் போகாதீர்கள். ஆபத்துக்கு 112. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ஊதா என்று புயல் எச்சரிக்கை ஏறும். சிவப்பு வந்தால் வாசற்படி தாண்டக் கூடாது என்பது சட்டம்.

'பெஞ்யாத் எந்தெர்தித்' என்று பலகை இருந்தால் பிரெஞ்சு தெரியாத பிள்ளைகளுக்கு நீங்களே படித்துச் சொல்லுங்கள்: குளிக்கத் தடை. அவர்கள் ஏன் என்று கேட்பார்கள். கேட்கட்டும். கயிற்றேணியையும் பீரங்கியையும், வாரன் ஹேஸ்டிங்ஸ் கப்பலையும், கிரான் சாப்லில் புதைந்தவர்களையும், ஓடி ஒளிந்த அடிமைகளையும் பற்றிச் சொல்லுங்கள். மரத்தடியில் உட்கார்ந்து, சோற்றுமூட்டையைப் பிரித்தபடி சொல்வதற்குக் கதைக்குப் பஞ்சமே இல்லை. கதை முடிவதற்குள் அந்தக் கரும்பாறை விளிம்பில் இரண்டு பெரிய அலையாவது வந்து ஏறிவிட்டுப் போயிருக்கும்; பிள்ளைகள் அதைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.